தாமதத்துக்குக் காரணம்

மாப்பிள்ளை கையெழுத்துப் போடக் குனிந்த நேரத்தில், அவர் விரலிடுக்கிலிருந்து பேனாவை உருவிக்கொண்டார் சூப்பர்வைசரம்மா. காகிதத்தில் ஒரு நீலக் கோடு மட்டும் இழுபட்டு நின்றது.

"படிச்சீங்களா மாப்பிள்ளை?"

"என்னத்தைப் படிக்கறது அண்ணி. அவளே போயிட்டா."

"படிக்காம கையெழுத்துப் போடறவருக்கா எங்க வீட்டுப் பொண்ணைக் குடுத்தோம்?"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிற மனிதர்களிடம் வெளியே நின்று பேசிப் பேசியே அமைதிப்படுத்தி இறக்கிவிடுகிற தொழில். மனைவியின் அக்காவிடமும் இருபத்தாறு வருஷமாக அதே பொறுமைதான்.

காலை எட்டரை மணி. ஆஸ்பத்திரியின் பதிவறை ஜன்னல் அப்போதுதான் திறந்திருந்தது. மேலே மூன்றாம் மாடியில் விடியற்காலை ஐந்து பத்துக்கு அவர் மனைவி சுண்டுவின் மூச்சு நின்றது. வீட்டில் கடைசியாகப் பிறந்து, சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் சுண்டு. ஐம்பத்திரண்டு வயதிலும் சுண்டுதான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். இப்போது அவள் பின்கட்டில் குளிரறையில் இருந்தாள். இந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தால்தான் அவளை வெளியே எடுப்பார்கள். வண்டிக்காரர் வந்து நின்று அரை மணி ஆகிறது. சுண்டுவின் மகள் சுவரில் சாய்ந்து, அம்மாவின் துணிப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பைக்குள் அம்மாவின் செருப்பு இருந்தது.

சூப்பர்வைசரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"முதற்கட்ட மார்புப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தும் நோயாளி வரவில்லை. பின்னர் அழைத்தும் வரவில்லை. முற்றிய நிலையில் நோய் கண்டறியப்பட்டது. தாமதத்துக்குக் காரணம், நோயாளி. மேற்கண்டவற்றைப் படித்து ஒப்புக்கொண்டேன்." காகிதத்தை ஜன்னல் வழியே திருப்பி நீட்டினார். "யாரு ஒப்புக்கிட்டது?"

உள்ளே இருந்த எழுத்தர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் வேலையின் சோர்வு இன்னும் முகத்தில் இருந்தது.

"அம்மா, இது சிஸ்டத்துல இருக்கறதும்மா. நான் எழுதல."

"சிஸ்டத்துக்குக் கை இருக்கா தம்பி?"

"எல்லாருக்கும் இதான் வரும். யாரும் படிக்கறதில்ல. போட்டுக் குடுத்துட்டா உடம்பை எடுத்துட்டுப் போயிடலாம்."

"அவ வந்தா. வந்தவளை வரலைன்னு எழுதியிருக்கு. அதை மாத்துங்க. மாத்தற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

"பெரியம்மா," என்றாள் மகள் மெதுவாக. "இனிமே எழுதி என்ன ஆகப்போகுது? வீட்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும். உங்கம்மா காத்திருந்ததுக்கு முன்னாடி இது ஒரு காத்திருப்பா?"

அந்தக் குடும்பத்தில் யாரும் ஓர் இடத்துக்குத் தாமதமாகப் போனவர்கள் இல்லை. அது அவர்களுடைய சொத்து. வேறு பெரிய சொத்து எதுவும் இருந்ததுமில்லை. சுண்டு, பள்ளி திறக்கும் நாளைக்கு முந்தின நாளே அத்தனை சீருடையையும் மடித்துக் கொடுத்துவிடுவாள். சூப்பர்வைசரம்மாவோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம். தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத அளவுக்கு அந்தப் பதவி அவர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சீட்டு. கிடைக்காத அழைப்பு என்றால் அந்தச் சீட்டில் காரணம் எழுதியாக வேண்டும். லைன் பழுது. மணி அடித்தும் எடுக்கவில்லை. பேச மறுத்தார். ஒருமுறை, மணியே அடித்துப் பார்க்காமல் 'எடுக்கவில்லை' என்று எழுதிய பெண்ணைச் சூப்பர்வைசரம்மா எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்தார். "அந்தப் பக்கம் ஒருத்தர் போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. அவங்கமேல பழி எழுதறியே, உனக்குக் கை கூசலையா?" எதிர்முனை பேசி முடிக்கும் முன் தொடர்பைத் துண்டிப்பதும் அங்கே பெரிய குற்றம். இந்த இரண்டையும் எத்தனையோ பெண்களின் தலையில் ஆணியாக அடித்து இறக்கியவர் அவர்.

"அழைத்தும் வரலையாம். எந்த நம்பருக்கு அழைச்சாங்க?" என்றார் எழுத்தரிடம். "அவ செல்போன் மெஷின் சத்தத்துல கேக்காதுன்னு என் வீட்டு போன் நம்பரைத்தான் குடுத்தா. கீழ நானு, மாடியில அவங்க. மணி அடிச்சா நான்தான் எடுப்பேன். ஒரு போன் வரலை. ரெண்டு தடவை மனு எழுதிப் போட்டிருக்கேன், வரலைன்னு."

எழுத்தர் ஆயாசமாகச் சிரித்தார். "வந்தாங்கன்னு சொல்றீங்க. அதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"கேட்ல ஜுரம் பாத்து ஒரு நோட்டுல எழுதச் சொன்னாங்கன்னு அவ சொன்னா. அந்த நோட்டு எங்க?"

கொரோனா தொடங்கி ஊரை அடைத்த முதல் வாரம் அது. குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுகிறது என்று சுண்டு முன்பே இங்கே வந்து தேதி வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தேதியில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. மிஞ்சிய சீருடைத் துணியில் தானே தைத்த கட்டம் போட்ட முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினாள். மத்தியானம் வெயிலில் சிவந்து திரும்பி வந்தாள். "கேட்டைச் சாத்திட்டாங்கக்கா. ஜுரம் மட்டும்தான் பாக்கறாங்களாம், மத்ததெல்லாம் நிறுத்தியாச்சு. கூப்பிடுவாங்களாம். நம்ம போன் நம்பரைக் குடுத்திருக்கேன். நீ இருக்கியே, உன்னைத் தாண்டி ஒரு மணி அடிச்சிடுமா?"

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"கொரோனா நோட்டா? பதினாலு நோட்டு இருக்கும்மா. தூக்கிப் போடச் சொல்லி யாரும் சொல்லல. வெச்சுக்கச் சொல்லியும் யாரும் சொல்லல. நமக்கெதுக்கு வம்புன்னு வெச்சிருக்கேன்."

"முதல் நோட்டு வேணும்."

"அது இந்த டேபிள் காலுக்குக் கீழ இருக்கு. எடுத்தா டேபிள் ஆடும்."

"ஆடட்டும்," என்றார் சூப்பர்வைசரம்மா.

மாப்பிள்ளை மேசையைத் தூக்கிப் பிடிக்க, மகள் குனிந்து நோட்டை இழுத்தாள். அட்டையில் மேசைக்கால் வட்டமாக அச்சுப் பதித்திருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மகள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐந்தாவது பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அம்மா எழுத்து."

சட்டைக்கு அளவு எழுதுகிற அதே எழுத்து. ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு. வந்த நேரம் ஏழு ஐம்பத்தைந்து. உடல் சூடு தொண்ணூற்றேழு புள்ளி நாலு. வந்த காரணம் என்ற இடத்தில் 'மார்பு பரிசோதனை, 8.30'. பக்கத்தில் சூப்பர்வைசரம்மாவின் வீட்டு போன் நம்பர், ஒவ்வோர் எண்ணும் தெளிவாக. போன நேரம் பத்து ஐந்து. அதற்கும் பக்கத்தில் வேறு கையெழுத்தில் 'திருப்பி அனுப்பினேன்'.

"இது என் கையெழுத்து," என்றார் காவலாளி. கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருன்னு ஞாபகம் இல்லம்மா. தினம் இருநூறு பேரைத் திருப்பி அனுப்புவேன். எல்லாருக்கும் பாதி முகம்தான் தெரியும்."

"ரெண்டு மணி நேரம் நின்னிருக்கா," என்றார் மாப்பிள்ளை. அது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

சூப்பர்வைசரம்மா நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதிவறைக்கு நடந்தார். முதுகு நிமிர்ந்து, முழங்கால் வலியை யாருக்கும் காட்டாமல், ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி. வழியில் நின்றவர்கள் தானாக ஒதுங்கினார்கள்.

"பாருங்க தம்பி. முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கா. எங்க வீட்டுப் பொண்ணு வரலைன்னு இனிமே எவன் எழுதுவான்னு பாக்கறேன்."

எழுத்தர் அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை மாத்திடலாம்மா. வந்தாங்கன்னே போட்டுடறேன். அந்த வருஷம் இப்படித்தான், திருப்பி அனுப்பினவங்களுக்கும் 'வரலை'ங்கற ஒரே வார்த்தைதான். அப்புறம் இவங்களுக்கு மருந்து ஏத்தற தேதியும் மூணு தடவை தள்ளிப் போயிருக்கு. அந்த வார்டையே ஜுர வார்டா மாத்திட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தேடித் திறந்தார். "ரெண்டாவது வரியையும் பாத்துடறேன். பரிசோதனை மையத்தோட போன் பதிவு தனியா இருக்கு."

"பாருங்க. இருக்காது."

எழுத்தர் விரலால் திரையில் தடவிக்கொண்டே வந்தார். தடவுவது நின்றது.

"இருக்கும்மா. அவங்க வந்து போன எழுபத்தாறாவது நாள். காலைல பதினொண்ணு இருபது." ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் படித்தார். "எடுத்தவர் பெண். மையத்தின் பெயரைச் சொன்னதும், 'எங்க வீட்ல யாருக்கும் எந்த வியாதியும் இல்ல, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க' என்று கூறித் துண்டித்தார். நோயாளியின் பெயரைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை."

ஜன்னல் விளிம்பில் இருந்த சூப்பர்வைசரம்மாவின் கை அப்படியே இருந்தது.

முதலில் அவர் மனதில் ஓடியது வேறு ஒன்று. யாரோ ஒரு பெண் சீட்டை ஒழுங்காக எழுதியிருக்கிறாள். நேரம், எடுத்தவர், சொன்ன வார்த்தை, ஒன்றும் விடவில்லை. தன்னிடம் வேலை செய்திருந்தால் பாராட்டியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. மூன்று வீடு தள்ளி, கொரோனா வந்த ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நேற்றுவரை அந்த வீட்டோடு சிரித்துப் பேசியவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் 'அந்த வீடு' என்றார்கள். வீடு வீடாக போன் செய்து யாருக்கு இருமல், யாருக்கு ஜுரம் என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். மணி அடித்தது. பரிசோதனை மையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் வீட்டில், என்று ஒரு பெண் குரல் தொடங்கியது. நம் வீட்டு வாசலில் தகரமா? அவ்வளவுதான் அவர் நினைத்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி ரிசீவரை வைத்தார். வீட்டைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் தண்ணீர் குடித்தார்.

அன்று சாயங்காலம் சுண்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணியை வெட்டியபடியே கேட்டாள். "போன் எதும் வந்துச்சாக்கா?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

வாரம் ஒருமுறை கேட்டாள். அப்புறம் மாதம் ஒருமுறை. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். எட்டாவது மாதம், கட்டி இருந்த பக்கத்துக் கை வீங்கியது.

பதிவறைக்குள் ஒரு மின்விசிறி மட்டும் கடகடத்தது. மகள் பையிலிருந்து கண்ணெடுத்துப் பெரியம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் போனை எடுக்கிற பெண் யார் என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "அப்ப நிறைய நம்பர் மாறிப் போச்சும்மா. தப்பு நம்பர்னு போட்டுடவா? அதோட இதுவும் சரியாயிடும்."

"ஆமா சார்," என்றார் மாப்பிள்ளை உடனே. "மாறித்தான் போயிருக்கும். எங்க வீட்ல அப்படிப் பேசறவங்க யாரும் இல்ல. அப்படியே போட்டுடுங்க."

நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல். பயப்படாதீங்க, இதோ இறக்கிடறேன் என்கிற குரல். சூப்பர்வைசரம்மா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். ஒரு தலையசைப்பு போதும். அந்த நம்பர் தப்பு நம்பராகிவிடும். இரண்டு மனுவில் எழுதிப் போட்டதெல்லாம் மெய்யாகிவிடும். வீட்டு மானம் வீட்டோடு இருக்கும்.

"மாப்பிள்ளை, உக்காருங்க," என்றார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

"நம்பர் மாறல தம்பி. அந்த நோட்டுல அவ அவ்வளவு தெளிவா எழுதியிருக்கா, அது எப்படி மாறும்? அது என் குரல்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் தெரிஞ்சு செய்யல. ஆனா செஞ்சது நான். எழுதிக்குங்க." ஜன்னலை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

எழுத்தர் திரையைப் பார்த்தார். "ஒரு தடவை."

"எங்க எக்ஸ்சேஞ்ச்ல ஒரு கால் கிடைக்கலைன்னா மூணு தடவை போடணும். அதுவும் வெறும் ஊர்க்கதை பேசறதுக்கு. இது ஒருத்தி உசுரு. ஒரு கிழவி வெடுக்குன்னு வெச்சுட்டான்னு அத்தோட விட்டுட்டீங்க. ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். மருந்துக்குத் தேதி மூணு தடவை தள்ளினது யாரு? அதுக்கும் நோயாளிதான் காரணமா? என் தப்பை நான் தூக்கிக்கறேன். உங்க தப்பையும் சேத்து என் தலையில ஏத்தாதீங்க. அவ தலையில ரெண்டையும் ஏத்தாதீங்க. அவ செத்துட்டா, அவளால கீழ இறக்கி வைக்க முடியாது."

"எப்படிப் போடணும்னு சொல்லுங்கம்மா," என்றார் எழுத்தர்.

சூப்பர்வைசரம்மா சொல்லச் சொல்ல அவர் தட்டினார். நோயாளி குறித்த நாளில் முப்பத்தைந்து நிமிடம் முன்னதாக வந்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். எழுபத்தாறு நாள் கழித்து மையம் ஒருமுறை அழைத்தது.

"எடுத்த வீட்டார் துண்டித்தனர், அப்படின்னு போடவா?"

"வீட்டார்னு போட்டா இவரும் இந்தப் பொண்ணும் அதுல வந்துடறாங்க. அக்கான்னு போடுங்க. எடுத்த அக்கா, முழுக்கக் கேட்காமல் துண்டித்தார். மையம் மறுபடி அழைக்கவில்லை. அழைப்பு வந்தது நோயாளிக்குத் தெரியாது."

"தாமதத்துக்குக் காரணம்?"

"மையம். அப்புறம் அக்கா."

எழுத்தர் விரலை எடுத்துவிட்டார். "மையம்னு போட எனக்கு அதிகாரம் இல்லம்மா. மேல கேக்கணும். அதுக்கு ஒரு மாசம் ஆகும்."

"அப்ப அந்த இடத்தை வெறுமனே விடுங்க. ஒரு மாசம் கழிச்சு நான் வந்து கேப்பேன். அக்கான்னு இப்பவே போடுங்க. அதுக்கு யார்கிட்ட அதிகாரம் கேக்கணும்? அது என்கிட்ட இருக்கு."

காகிதம் சூடாக வெளியே வந்தது. மாப்பிள்ளை இந்த முறை முழுவதும் படித்தார். படித்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, வேறு எதையும் பார்க்காமல், மைத்துனி நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது சூப்பர்வைசரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொள்வது மகளின் வழக்கம். இன்று அவள் முன்னால் போனாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு தனியாக இறங்கினார். வண்டியில் மகள் முன் இருக்கையில் ஏறினாள். பின்னால் சுண்டுவின் ஒரு பக்கம் புருஷனும் இன்னொரு பக்கம் அக்காவும். வண்டி வாசலைத் தாண்டும்போது காவலாளி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் மேசை சாய்ந்து நின்றது.

வீட்டில் உறவுக்காரர்கள் தெருவரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடி ஏற முடியாமல் போனபின் சுண்டு தையல் மெஷினைக் கீழே கொண்டுவந்து போட்டிருந்த முன்னறையில்தான் அவளைக் கிடத்தினார்கள். அழுகை ஒரு சுற்று எழுந்து அடங்கியது. மாப்பிள்ளையின் தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "நல்ல மனுஷிதான். என்ன, கொஞ்சம் முன்னாடியே போய்க் காட்டியிருக்கலாம். அசட்டையா இருந்துட்டா."

"இல்ல," என்றார் சூப்பர்வைசரம்மா. தலைமாட்டில் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். முன்னறையும் தெருவும் கேட்கும்படி சொன்னார். "அவ முதல் ஆளாப் போனா. கேட்டைச் சாத்திட்டாங்க. அப்புறம் ஒரு போன் வந்தது. வீட்டுக்குக் கெட்ட பேரு வந்துடும்னு நான் வெச்சுட்டேன். கேட்டவங்க கேட்டுக்குங்க. அவளை அசட்டைன்னு யாரும் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளையின் தங்கை கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது.

மூலையில் சின்ன ஸ்டூலில், சுண்டு தைத்த கட்டம் போட்ட உறைக்குள் இருந்தது அது. அடிக்க அடிக்க யாரும் அசையவில்லை. மகள் எழப்போனாள். அதற்குள் சூப்பர்வைசரம்மா எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"டைலரம்மா வீடுங்களா?" என்றது ஒரு பெண் குரல், அவசரமாக. "என் பொண்ணுக்கு ரெண்டு பாவாடை குடுத்திருந்தேன். மூணு மாசத்துல வளந்துட்டா பாருங்க, அளவு மாறிடுச்சு. சொல்லட்டுமா?"

மாப்பிள்ளை இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார், வைத்துவிடுங்கள் என்பதுபோல.

"சொல்லுங்க," என்றார் சூப்பர்வைசரம்மா.

ஸ்டூலின் மேல் எப்போதும் இருக்கிற குறிப்புச் சீட்டுப் புத்தகத்தை இழுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முதலில் நேரத்தை எழுதினார். இடுப்பு இருபத்திரண்டு. நீளம் இருபத்தைந்து. கீழே இரண்டு அங்குலம் மடிப்பு விட வேண்டும், அடுத்த வருஷமும் போட வேண்டுமாம். போன தடவை கொக்கி குத்தியதாம். மழைக்காலத்துக்கு முன் கிடைத்தால் நல்லதாம். அந்தப் பெண் நிறுத்தி நிறுத்தி, நினைவு வந்ததையெல்லாம் சொன்னாள். சூப்பர்வைசரம்மா ஒரு சொல் குறுக்கே பேசவில்லை. எதிர்முனை வைத்து, அந்த நீண்ட ஒலி வரும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மெஷினைப் பார்த்தார், எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

மகள் எழுந்து வந்தாள். மெஷினுக்குப் பின்னால் கைவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்கிப் பிடித்தாள். சூப்பர்வைசரம்மா சீட்டை ஊசிக்குக் கீழே செருகினார். மகள் பாதத்தை மெல்ல இறக்கினாள்.